உங்கள் சீட்டு எங்கே போனது?

மாணவர்களே, முதலில் ஒரு விளையாட்டு. கீழே ஆறு சீட்டுகளின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

இஸ்பேட் ராஜா, ஆர்ட்டின் ராணி, கிளாவர் ஜாக்கி, டைமன் ராஜா, இஸ்பேட் ஜாக்கி, கிளாவர் ராணி.

நினைத்துவிட்டீர்களா? அந்தச் சீட்டின் படத்தைக் கண்ணுக்குள் நிறுத்தி மெதுவாகப் பத்து வரை எண்ணுங்கள். மேலே உள்ள வரியைத் திரும்பிப் பார்க்காதீர்கள். இப்போது உங்கள் மனத்தைப் படித்து, நீங்கள் நினைத்த சீட்டை எடுத்துவிட்டேன். மீதி ஐந்தும் இதோ:

கிளாவர் ராஜா, டைமன் ராணி, ஆர்ட்டின் ஜாக்கி, இஸ்பேட் ராணி, ஆர்ட்டின் ராஜா.

உங்கள் சீட்டு இல்லை, சரிதானே?

நாளிதழில் இந்த வித்தை பாதிதான் பலிக்கும் என்பது எனக்குத் தெரியும். உங்களில் சிலர் இதற்குள் விரலை மேல் வரியில் வைத்து ஒப்பிட்டிருப்பீர்கள். அச்சான வரி ஓடிப்போகாது. கைப்பேசித் திரையில் அப்படியில்லை. அங்கே ஆறு சீட்டுகளும் படமாக வரும், மறையும், ஒரு கண்ணோ மந்திரக் கோளமோ சுழலும், பிறகு ஐந்து சீட்டுகள் வரும். முதலில் பார்த்தவை போனது போனதுதான். இணையத்தில் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் இந்த வித்தை புலனக் குழுக்களில் அவ்வப்போது மறுபிறவி எடுக்கிறது. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலையில் நான்கு தலைகள் ஒரே கைப்பேசியின் மேல் குனிந்திருந்தால், அதில் ஓடுவது இதுவாகவும் இருக்கலாம்.

இதைப் பார்த்த மாணவர்கள் சொல்லும் விளக்கங்களை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். “கேமரா நம் கண் எங்கே பார்க்கிறது என்று கவனிக்கிறது, சார்.” “செயற்கை நுண்ணறிவு, சார். அதுக்கு எல்லாம் தெரியும்.” “நாம முணுமுணுக்கிறதை மைக் கேட்குது.” “பெரும்பாலான பேர் ஆர்ட்டின் ராணியைத்தான் எடுப்பாங்க, அதனால அதைத் தூக்கிடறாங்க.” இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். அவர்கள் கையை வீசி, “எல்லாம் ஏமாத்து வேலை சார், விடுங்க” என்று போய்விடுவார்கள்.

இந்த இரண்டாம் வகையினரைத்தான் நான் அதிகம் கடிந்துகொள்வேன். முதல் வகையினர் சொன்னவை தவறாக இருக்கலாம். ஆனால் அவை கருதுகோள்கள், சோதித்துப் பார்க்கக்கூடியவை. ‘ஏமாத்து வேலை’ என்பது கருதுகோள் அல்ல, விளக்கமும் அல்ல. எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லத் தெரியாதவர் அடுத்த வித்தையில் அதே வேகத்தில் விழுவார். ‘இது மட்டும் உண்மை போல இருக்கே’ என்று அவருக்கும் ஒரு நாள் தோன்றும்.

படிவம் ஒன்று அறிவியலில் முதல் பாடமே அறிவியல் ஆய்வு முறைதான். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் அதற்கு முன்பே தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று எழுதிப் பழகியவர்கள். தேர்வுத்தாளில் ஊசலின் நீளத்தையும் நீரின் வெப்பநிலையையும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். அந்த அறிவைக் கைப்பேசிப் பக்கம் கொஞ்சம் திருப்பினால் என்ன? வாருங்கள், ஒவ்வொன்றாகச் சோதிப்போம்.

கேமராதான் காரணம் என்றால், அதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்டரை ஒட்டிவிட்டு விளையாடுங்கள். சீட்டு அப்போதும் மறைகிறது. மைக் என்றால், வாயை மூடிக்கொண்டு விளையாடுங்கள். அப்போதும் மறைகிறது. பெரும்பாலோர் எடுக்கும் சீட்டை ஊகிக்கிறார்கள் என்றால், தேர்வை உங்கள் மனத்திடம் விடாமல் ஒரு தாயக்கட்டையிடம் விடுங்கள். தாயக்கட்டை என்றதும் பாட்டி வீட்டுப் பித்தளைக் கட்டையை நினைக்காதீர்கள். பாம்பும் ஏணியும் விளையாட்டில் உருட்டுவோமே, ஆறு முகம் கொண்டது, அதுதான். மூன்று விழுந்தால் மூன்றாவது சீட்டு. கட்டைக்கு ராணியும் தெரியாது, ராஜாவும் தெரியாது. அப்போதும் மறைகிறது. மூன்று கருதுகோள்களும் விழுந்தன. செயற்கை நுண்ணறிவு என்ற நான்காவது மிச்சம். ஆனால் பார்க்கவும் கேட்கவும் ஊகிக்கவும் வழியில்லை என்றான பிறகு, எத்தனை அறிவிருந்தும் அது எதை வைத்துக் கண்டுபிடிக்கும்?

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஒரு சீட்டுக்குப் பதில் இரண்டு சீட்டுகளை நினையுங்கள். இரண்டையும் மறக்காமல் இருக்க ஒரு தாளில் எழுதிவையுங்கள். வித்தையை ஓட்டுங்கள். திரையில் ஐந்து சீட்டுகள் வரும். ஆறில் ஒன்றுதான் எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நீங்கள் நினைத்த இரண்டுமே காணோம்! ஆறிலிருந்து ஒன்றை எடுத்தால் இரண்டு எப்படிக் குறையும்? துணிச்சல் இருந்தால் மூன்றை நினையுங்கள். மூன்றும் போய்விடும். அடுத்து ஒன்றையுமே நினைக்காமல் ஆறையும் எழுதிவைத்துக்கொண்டு ஓட்டுங்கள். அந்த நொடியில் வித்தை உடைந்துவிடும்.

ஆறும் போய்விட்டன. இரண்டாவது வரிசையில் இருக்கும் ஐந்தில் ஒன்றுகூட முதல் வரிசையில் இருந்ததில்லை. உங்கள் சீட்டை யாரும் எடுக்கவில்லை. எல்லாருடைய சீட்டையும் எடுத்துவிட்டு, அவற்றைப் போலவே தோன்றும் வேறு ஐந்தை வைத்திருக்கிறார்கள். இப்போது மேலே போய் என் இரண்டு வரிசைகளையும் பாருங்கள். ஒரு சீட்டுக்கட்டில் முகச் சீட்டுகள் மொத்தம் 12. அவற்றுள் ஆறை முதலில் வைத்தேன், மிச்ச ஆறில் ஐந்தைப் பிறகு வைத்தேன். டைமன் ஜாக்கி மட்டும் என் சட்டைப் பையில்.

வித்தைக்காரர்கள் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்பார்கள். மேடையில் வியர்வை சிந்தி விரல் வித்தை காட்டும் கலைஞரின் ரகசியத்தை நானும் சொல்லமாட்டேன். அது அவர் பிழைப்பு. இதன் மூதாதை, ஹென்றி ஹார்டின் என்ற மேடைப் பெயர் கொண்ட அமெரிக்க வித்தைக்காரரின் பெயரில் வழங்கும் ஒரு நூற்றாண்டுப் பழைய சீட்டு வித்தை. ‘பிரின்சஸ்’ வித்தை என்பார்கள். அதைச் செய்யக் கைத்திறன் வேண்டும். இணையப் பதிப்புக்கு இரண்டு படங்கள் போதும். அதில் காக்க வேண்டிய ரகசியம் என்று எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ரகசியம் தெரிந்துவிட்டது. ஆனால் உண்மையான கேள்வி இனிமேல்தான் வருகிறது: ஆறு சீட்டுகளும் மாறியது ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை? உங்கள் கண் கெட்டுப்போகவில்லை. நீங்கள் சொன்னதைச் சரியாகச் செய்தீர்கள் என்பதுதான் காரணம். ‘ஒரு சீட்டை மட்டும் உற்றுப் பாருங்கள்’ என்றார்கள், பார்த்தீர்கள். மற்ற ஐந்தையும் மனத்தில் பதிக்க உங்களுக்கு வேலையே வைக்கவில்லை. ஒரு பார்வையில் நம் மனம் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள்கள் ஏறத்தாழ நான்குதான் என்று உளவியல் சோதனைகள் காட்டுகின்றன. ஒவ்வொரு சீட்டிலும் படம் ஒன்று, பூ ஒன்று என்று இரண்டு செய்தி வேறு இருக்கிறது. ‘ரெண்டு ராஜா, ரெண்டு ராணி, ரெண்டு ஜாக்கி, கறுப்பும் சிவப்பும் கலந்து’ என்ற பொதுவான சாயல்தான் நினைவில் தங்கும். இரண்டாவது வரிசையும் அதே சாயலில் இருக்கிறது. முகச் சீட்டுகளை மட்டும் பயன்படுத்தியது தற்செயலா என்ன? எல்லாம் ஒரே மாதிரி கிரீடம், ஒரே மாதிரி அங்கி. இரண்டும் ஐந்தும் ஒன்பதுமாக எண் சீட்டுகளை வைத்து முயன்று பாருங்கள், குட்டு சீக்கிரமே வெளிப்படும் என்பது என் கணிப்பு.

இந்தக் குறைக்கு உளவியலில் ‘மாற்றக் குருடு’ என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. சீட்டு என்ன, ஓர் ஆளே மாறினாலும் கண்டுகொள்ள மாட்டோம். அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழக வளாகத்தில் டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தி 1998-இல் வெளியிட்டார்கள். ஒருவர் கையில் வரைபடத்தோடு வந்து, நடந்துபோகிறவரிடம் வழி கேட்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் ஒரு பெரிய கதவைச் சுமந்துகொண்டு இருவருக்கும் நடுவே புகுந்து போகிறார்கள். கதவு மறைத்த அந்தச் சில நொடிகளில் வழி கேட்டவர் கதவோடு போய்விட, வேறொருவர் அவர் இடத்தில் நின்றுகொண்டு பேச்சைத் தொடர்கிறார். உயரம் வேறு, உடை வேறு, குரல் வேறு. சோதிக்கப்பட்ட 15 பேரில் 8 பேர் ஆள் மாறியதைக் கவனிக்காமல் வழி சொல்லி முடித்தார்கள். பினாங்குச் சாலையில் செண்டோல் வரிசையில் நிற்கும்போது யாராவது உங்களிடம் வழி கேட்டு, நடுவே கதவு வந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

இதைவிட என்னை அதிகம் யோசிக்கவைத்தது சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு. இரண்டு முகப் படங்களைக் காட்டி, எது உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். ஒருவர் இடப்பக்கப் படத்தைக் காட்டினால், சீட்டு வித்தைக்காரர்களின் கைத்தந்திரத்தைக் கடன் வாங்கி, அவர் வேண்டாம் என்ற வலப்பக்கப் படத்தை அவர் கையில் கொடுத்து, “ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று கேட்டார்கள். பெரும்பாலான மாற்றங்கள் பிடிபடவில்லை. அதோடு விட்டார்களா? தாங்கள் தேர்ந்தெடுக்காத முகத்துக்கே காரணமும் சொன்னார்கள். கையில் இருக்கும் படத்தில் உள்ள அம்சங்களையே காட்டி, அதனால்தான் பிடித்தது என்றவர்களும் உண்டு. நடந்தது ஒன்று, நாம் பிறகு சொல்லும் கதை வேறொன்று. ‘என் கண்ணால பார்த்தேன்’ என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. ‘அப்போதே எழுதி வைத்தீர்களா?’ என்று மட்டும் கேளுங்கள்.

எழுதிவைப்பது என்றதும் ஓர் ஆசிரியர் நினைவுக்கு வருகிறார். நான் அவரைப் பார்த்ததில்லை, நான் பிறக்கும் முன்பே மறைந்துவிட்டார். ஆபிரகாம் கோவூர், 1898-இல் கேரளத்தின் திருவல்லாவில் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். பிறகு இலங்கையின் வேறு பள்ளிகளிலும் பணியாற்றி 1959-இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின் சாய்வு நாற்காலியில் உட்காரவில்லை. மனத்தைப் படிப்பேன், மறைந்திருப்பதைக் காண்பேன் என்பவர்களுக்கு 1963-இல் ஒரு சவால் விட்டார். ஏமாற்ற இடமில்லாத சூழலில் தம் ஆற்றலைக் காட்டினால் ஒரு லட்சம் இலங்கை ரூபாய் பரிசு. அந்தக் காலத்து ஒரு லட்சம் என்பதை மறக்க வேண்டாம். செய்துகாட்ட வேண்டியவற்றின் பட்டியலில் ஒன்று: மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் பணத்தாளின் வரிசை எண்ணைப் படிப்பது. கோவூர் 1978-இல் காலமாகும்வரை பரிசை யாரும் வாங்கவில்லை. அவருக்குப் பின் அந்தச் சவாலைக் கோயம்புத்தூர் போத்தனூரில் வாழ்ந்த பிரேமானந்த் 2009-இல் தாம் இறக்கும்வரை தொடர்ந்தார். அவர் கையிலிருந்தும் பணம் போகவில்லை.

கோவூரின் மற்ற கருத்துகளில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைப் பற்றி இங்கே நான் பேச வரவில்லை. அந்த ஒற்றைக் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பதைப் பாருங்கள். நம் ஒரு ரிங்கிட் நோட்டை எடுங்கள். எழுத்துகளை விட்டுவிட்டாலும் ஏழு இலக்கங்கள் இருக்கின்றன. குருட்டாம்போக்கில் சொல்லிச் சரியாக வர ஒரு கோடியில் ஒரு வாய்ப்பு. விடை ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கிறது, உறையைப் பிரித்தால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ‘கிட்டத்தட்டச் சரி’ என்று மழுப்ப முடியாது. இதைத் திரை வித்தையோடு ஒப்பிடுங்கள். அது உங்கள் சீட்டின் பெயரை ஒருபோதும் சொல்வதில்லை, கவனித்தீர்களா? ‘உங்கள் சீட்டு இங்கே இல்லை’ என்று மட்டும்தான் காட்டும். மனத்தை உண்மையிலேயே படிக்கத் தெரிந்தவர் ‘நீங்கள் நினைத்தது கிளாவர் ராணி’ என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே! தவறாகப் போக வழியே இல்லாத ஒரு கூற்றைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இதே தந்திரம் எண் வேடத்திலும் வரும். ஈரிலக்க எண் ஒன்றை நினைத்து, அதிலிருந்து அதன் இரு இலக்கங்களின் கூட்டுத்தொகையைக் கழித்து, விடைக்கு நேரே உள்ள குறியைப் பட்டியலில் பார்க்கச் சொல்வார்கள். பிறகு அந்தக் குறியைத் திரை காட்டும். 47 என்றால் 47 − 11 = 36. 82 என்றால் 82 − 10 = 72. இயற்கணிதம் படித்தவர்கள் 10a + b − (a + b) என்று எழுதிப் பாருங்கள்: 9a. எந்த எண்ணை நினைத்தாலும் விடை ஒன்பதின் மடங்குதான். பட்டியலில் 9, 18, 27 என்று 81 வரை எல்லாவற்றுக்கும் ஒரே குறியைப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் குறியை மாற்றிவிடுவதால் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. இங்கேயும் எல்லாருக்கும் ஒரே விடை, நமக்கு மட்டும் சொன்னது போன்ற நினைப்பு.

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் ‘உங்களுக்கான முடிவு’ என்று ஒரு தாள் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் தெரிந்தது, எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள். ‘உங்கள் பிறந்த மாதம் சொல்லும் ரகசியம்’ என்று புலனத்தில் வருகிறதே, அதில் மாதத்தின் பெயரை மறைத்துவிட்டு வீட்டில் நான்கு பேருக்குப் படித்துக் காட்டுங்கள்.

இதெல்லாம் வெறும் விளையாட்டுத்தானே என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போடுகிறேன். ஒரு மோசடிக்காரரிடம் 6,400 கைப்பேசி எண்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேருக்கு ‘இந்தப் பங்கு நாளை ஏறும்’ என்றும், மறுபாதிக்கு ‘இறங்கும்’ என்றும் செய்தி அனுப்புகிறார். மறுநாள் எது நடந்தாலும் 3,200 பேருக்கு அவர் சொன்னது பலித்திருக்கும். தவறான செய்தி போனவர்களை மறந்துவிடுகிறார். பலித்தவர்களை மறுபடி இரண்டாகப் பிரிக்கிறார். 1,600, 800, 400, 200. ஆறாவது நாள் முடிவில் 100 பேர் மிஞ்சுவார்கள். அந்த 100 பேரின் கண்ணுக்கு அவர் ஆறு நாளும் ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஏழாம் நாள் ‘ஐயாயிரம் ரிங்கிட் போடுங்கள்’ என்றால் எத்தனை பேர் தயங்குவார்கள்? இந்த 100 பேரும் முட்டாள்கள் அல்லர். ‘ஆறு முறை நடந்ததை நான் பார்த்தேன்’ என்று அவர்கள் சொல்வது முழு உண்மை. அவர்கள் பார்க்காதது மற்ற 6,300 பேருக்குப் போன செய்திகளை. சீட்டு வித்தையில் நீங்கள் மற்ற ஐந்து சீட்டுகளைப் பார்க்காமல் விட்டீர்களே, அதே போலத்தான்.

இப்படிப்பட்ட செய்தி உங்கள் வீட்டுப் பெரியவர் கைப்பேசிக்கு வந்தால், “இதுகூடத் தெரியலையா தாத்தா?” என்று சிரிக்காதீர்கள். சிரிப்பவரிடம் யாரும் அடுத்த முறை கேட்க வரமாட்டார்கள். சீட்டு வித்தையை முதலில் அவரிடம் செய்து காட்டி, இரண்டு சீட்டுகளை நினைக்கச் சொல்லி, அவரே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் காத்திருக்கவே வேண்டாம். உடனே வங்கியையோ, தேசிய மோசடி மறுமொழி மையத்தின் 997 என்ற எண்ணையோ அழைக்கச் சொல்லுங்கள்.

மேலே நான் ஒரு கணிப்புச் சொன்னேன், எண் சீட்டுகளில் குட்டு சீக்கிரம் வெளிப்படும் என்று. அது சரியா என்று நீங்களே பாருங்கள். முகச் சீட்டுகள் 11 கொண்டு ஒரு கட்டு, எண் சீட்டுகள் 11 கொண்டு இன்னொரு கட்டு தயார் செய்யுங்கள். இருபது நண்பர்களைப் பிடியுங்கள். யாருக்கு எந்தக் கட்டு என்பதை நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். முதல் வரிசை ஆறையும் எல்லாருக்கும் ஒரே அளவு நேரம், பத்து நொடி, காட்டிவிட்டு எடுங்கள். பிறகு இரண்டாம் வரிசை ஐந்தை வைத்து, “எல்லாச் சீட்டும் மாறிவிட்டதே!” என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று குறியுங்கள். ஒவ்வொருவர் முடிவையும் அந்த இடத்திலேயே அட்டவணையில் எழுதிவிடுங்கள், வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுத வேண்டாம். தற்சார்பு மாறி சீட்டின் வகை, சார்பு மாறி கண்டுபிடித்தவர் எண்ணிக்கை. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை என்பதை நான் சொல்லப்போவதில்லை. இந்தக் கட்டுரையை ஏற்கெனவே படித்த நண்பரை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.